கன்னத்திலிருந்து எடுத்த பச்சை

அச்சகத்தில் அவரை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஒரு வண்ணப் படத்தை அச்சில் ஏற்ற, அந்தக் காலத்தில் அதை நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு என நான்கு பிலிம்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பிலிமும் வெறும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளால் ஆனது. ஒரு நிறம் எங்காவது தூக்கலாக இருந்தால், மற்ற இடங்களைக் கறுப்பு வார்னிஷால் மூடிவிட்டு, அந்த இடத்தை மட்டும் மெல்லிய கரைசலால் தொட்டுத் தொட்டுப் புள்ளிகளைச் சிறிதாக்க வேண்டும். அரை நிமிடம் கூடிப்போனால் புள்ளியே இருக்காது. படத்தில் ஓட்டை விழும். முப்பத்தைந்து வருடங்களில் அக்கா ஓட்டை போட்டதாக யாரும் சொன்னதில்லை. அதற்காகப் பாராட்டியதும் இல்லை. சரியாக இருக்கும் நிறத்தை யாரும் கவனிப்பதில்லை.

நான் அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். சரியாக இருக்கும் எழுத்தையும் யாரும் கவனிப்பதில்லை என்பதால் எங்களுக்குள் ஒரு மாதிரியான பழக்கம் உண்டு. இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது, மீதி அவர் சொன்னது.

அக்கா ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். அம்மா பதினாறு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நாற்பத்தொன்று. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுத்த ஒன்றிரண்டு பேரும் மரியாதைக்காகத்தான் எடுத்தார்கள். கூடத்தின் சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். படம் பார்க்கும் அறைக்கு அந்த நிறம்தான் அடிப்பார்கள். சுவரின் நிறம் கண்ணில் ஒட்டிக்கொண்டு படத்தின் நிறத்தைக் கெடுக்காது. வீட்டில் அக்கா எந்தப் படத்தைப் பார்க்கப்போகிறார் என்பது வேறு விஷயம். வேறொரு ஊரிலிருந்து ஞாயிறுதோறும் போனில் பேசும் தங்கைக்கு இந்தச் சுவர்மேல் தீராத கோபம்.

"பிணவறை மாதிரி வச்சிருக்க. ஒரு ரோஸ் கலர் அடிச்சா குடியா முழுகிடும்?"

"ரோஸ் அடிச்சா எதிர்ல இருக்கறவங்க முகம் பச்சையாத் தெரியும்டி."

"உன் எதிர்ல யாருக்கா வந்து உக்காரப் போறாங்க?"

தங்கை வேடிக்கையாகத்தான் கேட்டாள். அக்கா அதை என்னிடம் சொன்னதும் சிரித்துக்கொண்டேதான். ஆனால் அந்தப் பேச்சை மறக்காமல் வைத்திருந்தார்.

போன வருடம் அச்சகத்து மேனேஜர் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். ஓவியக் கல்லூரியில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்த ஓவியர் ஒருவரின் கண்காட்சிக்காக நாற்பத்திரண்டு படங்கள் கொண்ட புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. நிறம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது பிலிமும் இல்லை, கரைசலும் இல்லை; கம்ப்யூட்டரில் எண்ணைக் கூட்டிக் குறைத்தால் போதும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர், நாற்பது வயதுக்காரர், அக்காவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தாமலே முறையிட்டார்.

"வாங்கக்கா. இந்த மனுஷன் நாலு நாளா என் உயிர வாங்கறாரு. மண்ணு நிறம் வேணும்ங்கறாரு. மண்ணு நிறம் வச்சா, இந்த மண்ணு இல்லைங்கறாரு. பேசாம ஒரு கூடை மண்ணு அள்ளிட்டு வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"சொன்னாரு," என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த ஓவியர். "எந்த எடத்து மண்ணுன்னு கேட்டேன். அதுக்குத்தான் பதில் இல்ல."

உயரமான, கொஞ்சம் கூன் விழுந்த மனிதர். அறுபத்திரண்டு வயது. அவர் பெரிய ஓவியர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே விஷயத்தை நாற்பது வருடம் விடாமல் செய்தவர். அது பெருமையா பிடிவாதமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் வரைந்தவை எல்லாம் முகங்கள். பின்னணி கத்திக்கொண்டிருக்கும், ஆரஞ்சும் ஊதாவும் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். நடுவில் முகம் மட்டும் சுட்ட ஓட்டின் நிறத்தில் அமைதியாக இருக்கும். அவரிடம் படித்தவர்களும் அப்படியே வரைந்தார்கள். எங்கள் ஊர் ஓவியர்களை வெளியூர் விமர்சகர்கள் 'மண்முகக்காரர்கள்' என்று எழுதும் அளவுக்கு அது பரவியிருந்தது.

அக்கா முதல் படத்தைப் பார்த்தார். வாசலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இடது காதுக்குக் கீழே, நகத்தை வெட்டிப்போட்டது போல ஒரு பச்சைக் கீற்று. அடுத்த படத்தைக் கேட்டார். அதிலும் இருந்தது. நாற்பத்திரண்டையும் வரிசையாகத் திரையில் ஓட்டச் சொன்னார். ஆண், பெண், கிழவர் என்று எந்த முகமானாலும் அதே இடத்தில் அதே கீற்று. அது இந்த ஓவியரின் கையெழுத்து மாதிரி என்றார் ஆபரேட்டர்.

அக்கா முதல் படத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். பிறகு, "நீலத்துல நாலு கம்மி பண்ணுப்பா. செம்மையத் தொடாத. மஞ்சள் ஒண்ணு கூட்டு," என்றார்.

அச்சான தாள் வந்ததும் ஓவியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எப்படிக்கா? நான் இன்னும் வாயே திறக்கலையே."

"பழகின நிறம் சார்," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருவரும் தினமும் மத்தியானம் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு படங்கள். நடுவில் டீ. ஓவியரின் மனைவி போய் எட்டு வருடமாகியிருந்தது, பிள்ளைகள் தூரத்தில். அவர் பேசுவார், அக்கா கேட்பார். நாலாவது நாள் அக்காவும் பேச ஆரம்பித்தார். மங்கிய வெள்ளைக்கும் அழுக்கு வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. பத்தாவது நாள் இஸ்திரி போட்ட புடவையில் வந்தார். ஆபரேட்டர் அதைப் பார்த்தார். நல்லவேளையாக எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பச்சைக் கீற்று எங்கிருந்து வந்தது என்பது அக்காவுக்கு முதல் நாளே தெரியும்.

நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால், அக்கா வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கள் அச்சகம் ஓவியக் கல்லூரிக்காக ஒரு பாடப்புத்தகம் அச்சடித்தது. வெளிநாட்டில் நவீன ஓவியம் பிறந்த கதை. இம்ப்ரெஷனிசம் முதல் கியூபிசம் வரை. அறுபத்து நான்கு வண்ணப் பக்கங்கள். இந்த ஊரில் யாரும் அந்த ஓவியங்களை நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அந்தப் புத்தகத்தைத்தான். அதன் அச்சு அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. இம்ப்ரெஷனிசப் பக்கங்களில் நான்கு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் பிசகி விழுந்திருந்தன. அந்தக் கலங்கலையும் ஓவியர்களின் மேதைமை என்று எண்ணி ஒரு தலைமுறை மாணவர்கள் கலங்கலாக வரைந்தார்கள். 'தாக்கம்' என்ற சொல்லை விமர்சகர்கள் தாராளமாக எழுதுகிறார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரு பொருள் அப்படியே போய்ச் சேர்வது போல. நடுவில் எத்தனை கை மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்துக்கு ஒரு பெண்ணின் முகம் வந்தது. ஃபாவிச ஓவியர் ஒருவருடையது. அந்தக் கூட்டத்தைத்தான் அந்தக் காலத்து விமர்சகர் ஒருவர் காட்டு விலங்குகள் என்று கேலி செய்தார். இருக்கிற நிறத்தைத் தீட்டாமல் தோன்றிய நிறத்தைத் தீட்டியவர்கள். அக்காவுக்கு அது தெரியாது. அவர் கைக்கு வந்தது ஒரு ஸ்லைடு மட்டுமே. அதில் அந்தப் பெண்ணின் கன்னம் பச்சையாக இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்லைடுகள் வெயிலும் ஈரமும் பட்டு நிறம் திரிவது அன்றாடம் நடப்பது. அப்போது இருந்த போர்மேன் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், படத்தில் முதலில் முகத்தைப் பார் என்பது. புல்லும் புடவையும் எந்த நிறத்திலும் இருக்கலாம், தோல் அப்படி இருக்க முடியாது. தோல் தப்பாக இருந்தால் ஸ்லைடு கெட்டுவிட்டது என்று அர்த்தம். அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மூன்று நாள் உட்கார்ந்தார். முகத்தைத் தவிர எல்லாவற்றையும் வார்னிஷால் மூடி, நீலப் பிலிமில் புள்ளிகளைக் கரைத்தார். செம்மைக்கு மட்டும் புதிதாக ஒரு பிலிம் எடுக்கச் சொல்லி, அதைப் பக்குவப்படுத்தினார். கன்னத்துப் பச்சை போய்ச் சுட்ட மண்ணின் நிறம் வந்தது. காதுக்குக் கீழே ஓர் இடத்தில் மட்டும் வார்னிஷ் ஒழுகி நின்றுவிட்டது. கரைசல் அங்கே படவில்லை. பச்சை ஒரு கீற்றாகத் தங்கிவிட்டது. போர்மேன் பார்த்தார். "பரவால்ல, தேறிட்ட," என்றார். அவர் இருந்தவரை அவர் வாயிலிருந்து அக்காவுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

பன்னிரண்டு வருடம் கழித்து அச்சகத்துக்கு வந்த வெளிநாட்டுக் காலண்டர் ஒன்றில் அக்கா அதே பெண்ணைப் பச்சைக் கன்னத்தோடு பார்த்தார். அவர்கள்தான் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார். அடுத்த வருடம் இன்னொரு புத்தகத்திலும் பச்சை. அப்புறம் யாரிடம் சொல்வது? போர்மேன் உயிரோடு இல்லை. புத்தகம் ஐந்தாம் பதிப்பும் போய்விட்டது. அக்கா வாயை மூடிக்கொண்டார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அதனால்தான் ஓவியர் எழுதிய முன்னுரை மெய்ப்புக்கு வந்தபோது, அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நானே எடுத்துப்போய்க் காட்டினேன்.

"அக்கா, நீங்க வேலை பார்த்த புத்தகத்தப் பத்தி எழுதியிருக்காரு. நாற்பத்தேழாம் பக்கமாம்."

முன்னுரை இரண்டு பக்கம். பத்தொன்பது வயதில் அந்தப் பக்கத்தைத் திறந்த அன்றுதான் தனக்குக் கண் வந்தது என்று எழுதியிருந்தார். மீதி அவர் வார்த்தையிலேயே: எல்லா நிறங்களும் கூச்சலிடும் ஒரு கூட்டத்தில், அந்த ஓவியர் ஒருவர்தான் முகத்தை மட்டும் மௌனமாக விட்டார். அந்த மௌனத்தின் வாரிசு நான். காதோரம் அவர் விட்டுவைத்த பச்சையை ஒவ்வொரு படத்திலும் ஒரு வணக்கமாக வைத்து வருகிறேன். கண்காட்சி முடிந்ததும் வெளிநாடு போய் அந்த ஓவியத்தை முதல்முறையாக நேரில் பார்க்கப்போகிறேன். என் மாணவர்கள் போனில் பச்சைக் கன்னத்தைக் காட்டிக் கேலி செய்கிறார்கள். எது உண்மை என்று பார்த்துவந்து சொல்கிறேன்.

அக்கா இரண்டு தடவை படித்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

அன்று ஞாயிறு இல்லை. இருந்தும் அவரே தங்கையைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கை, "உன்னை யாராவது கேட்டாங்களா? அந்த மனுஷனும் போன்ல பாத்துட்டுத்தானே நம்பல? விட்டுத் தள்ளு," என்றாள்.

"அச்சுல வந்துடும்டி. அப்புறம் அங்க போய் நின்னு பார்ப்பாரு. ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா அவரப் பாத்துச் சிரிக்கும். உன் பேரு அதுல எங்க இருக்கு?" பிறகு தங்கை சொன்னாளாம்: "நீ சொன்னா அவரு அப்புறம் வரமாட்டாருக்கா. அது உனக்குத் தெரியுதில்ல?"

தெரிந்தது. அந்த ஒன்றைத்தான் அக்கா இரண்டு நாளாக எடைபோட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவருடைய வேலையை ஒரே ஒருவர்தான் நேசித்திருக்கிறார். அதுவும் அது அவருடைய வேலை என்று தெரியாமல்.

புதன்கிழமை மத்தியானம், டீ வந்து ஆபரேட்டர் வெளியே போனதும், அக்கா சொன்னார். கண்ணாடி வழியே அவர் வாய் அசைவது தெரிந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. எழுந்துபோய்ச் சாத்தியிருக்கலாம்.

"சார், நாற்பத்தேழாம் பக்கத்துல முகம் பச்சைதான். நான்தான் எடுத்தேன்."

ஓவியர் சிரித்தார். "நீங்களுமாக்கா? பசங்கதான் பாடாப் படுத்தறானுங்கன்னா."

"இல்ல சார். ஸ்லைடு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். மூணு நாள் ஆச்சு."

"உங்களுக்கு ஞாபகம் மாறுதுக்கா. எத்தனையோ படம் பண்ணியிருப்பீங்க. இது வேற ஏதாவதா இருக்கும்."

"காதுக்குக் கீழ அந்தக் கீத்து இருக்கில்ல, அது அவரு போட்டது இல்ல. வார்னிஷ் ஒழுகிடுச்சு. கீழ்ப்பக்கம் அகலமா, மேல போகப் போக ஊசியா இருக்கும். ஒழுகறது அப்படித்தான் சார் நிக்கும். நீங்க அதை அப்படியே போட்டிருக்கீங்க. நாற்பத்திரண்டுலயும்."

ஓவியர் மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தார். விரலை அந்தக் கீற்றின்மேல் வைத்தார். கீழே அகலம், மேலே ஊசி. வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் இத்தனை நாள்..."

அக்கா மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். காரணத்தைச் சொல்லும் வயது தாண்டிவிட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

ஓவியர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வரேன்கா," என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. டீ அப்படியே இருந்தது.

வியாழன் வரவில்லை. வெள்ளி காலை மேனேஜருக்கு ஒரு வரி வந்தது: முன்னுரையை எடுத்துவிடவும், வேறு எதுவும் வைக்க வேண்டாம். இருபத்தெட்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். முன்னால் ஒரு சொல்கூட இல்லாமல் நேராகப் படத்தில் தொடங்கும் புத்தகத்தை அதுவரை பார்த்ததில்லை. நிறம் நன்றாக வந்திருந்தது. கண்காட்சிக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது, தபாலில், அச்சடித்த முகவரியோடு. அவர் போகவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்காவின் போன் அடித்தது. நீளமான எண். தவறிப்போய் வந்த அழைப்பு என்று எண்ணித்தான் எடுத்தார்.

"அக்கா, நான்தான். படத்துக்கு முன்னாலதான் நிக்கறேன்."

"சொல்லுங்க சார்."

"பச்சைதான்."

பின்னால் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு குழந்தை தும்மியது.

"நல்லா இருக்கா சார்?" என்று கேட்டார் அக்கா. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் நிக்கறாங்க. நானும் முக்கா மணி நேரமா நிக்கறேன். ஒண்ணும் தோணலக்கா. யாரோ மாதிரி இருக்கா." பிறகு கேட்டார்: "அந்தப் பிலிமு எங்கயாவது இருக்குமா? நீங்க கை வச்ச அந்த நாலு பிலிமு?"

"இல்ல சார். பழைய பிலிமையெல்லாம் வெள்ளி எடுக்கறவங்களுக்குப் போட்டுட்டாங்க. அதுல இருக்கற வெள்ளிய உருக்கி எடுத்துடுவாங்க."

"அப்ப நான் பாத்த படம் எங்கயுமே இல்ல."

இல்லாததை இருக்கிறது என்று சொல்லி நாற்பத்து மூன்று வருடம் ஓட்டியாகிவிட்டது.

"இல்ல சார்," என்றார் அக்கா.

"சரிக்கா. பூட்டற நேரம் ஆச்சு, வெளிய போகச் சொல்றாங்க," என்றார் ஓவியர். போன் நின்றது.

அவர் திரும்பி வந்து ஏழு மாதமாகிறது. கூப்பிடவில்லை. வரைகிறாரா இல்லையா என்று கல்லூரிப் பக்கம் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனபோது, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

அக்கா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "சொல்லாம இருந்திருந்தா இன்னமும் டீ குடிக்க வந்துட்டுத்தான் இருப்பாரு. ஆனா என்னைப் பாக்க இல்ல. அந்த வெளிநாட்டுக்காரரப் பத்திப் பேச வருவாரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்குத்தான் போன் பண்ணாரு."

பிறகு எனக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டார். கிட்டத்தட்ட முப்பது வருடப் பழக்கத்தில் அவர் வீட்டில் நான் டீ குடிப்பது அதுதான் முதல் தடவை.